'ஏதாவது வேணும்னா சொல்லுங்க'

மகளுக்குப் புற்றுநோய் என்று தெரிந்த அந்த முதல் வாரத்தில் மட்டும் 60 பேருக்கு மேல் தன்னிடம் அந்த வாக்கியத்தைச் சொன்னார்கள் என்று என் எதிர் வீட்டுக்காரி ரொம்ப நாள் கழித்து ஒருமுறை சொன்னாள். "ஏதாவது வேணும்னா தயங்காம சொல்லுங்க." அந்த 60 பேரில் நானும் ஒருத்தி. மனசாரத்தான் சொன்னேன். சொல்லிவிட்டு வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியபோது பாரம் கொஞ்சம் இறங்கின மாதிரிகூட இருந்தது. இறங்கியது என் பாரம். அவளுடையது அப்படியே இருந்தது என்பது உறைக்க எனக்கு மாதக்கணக்காயிற்று.

எங்கள் குடியிருப்பு சின்னது. மூன்று மாடி, 32 வீடு, எல்லாருக்கும் ஒரே மாடிப்படி. யார் வீட்டில் எத்தனை மணிக்கு அலாரம் அடிக்கும் என்பது வரைக்கும் மற்றவர்களுக்குத் தெரியும். அவள் எனக்கு எதிர் வீடு. வண்டி நிறுத்தும் இடத்துக்காக இரண்டாம் மாடிக்காரியோடு வருஷக்கணக்காகச் சண்டை போட்டு வருபவள். வாய் கொஞ்சம் ஜாஸ்திதான், மறைக்க என்ன இருக்கிறது. இரண்டு பிள்ளைகள். பெரியவனுக்கு அப்போது 11 வயது, சின்னவளுக்கு ஆறு.

சின்னவளுக்கு இரண்டு வாரமாக விட்டுவிட்டுக் காய்ச்சல். கால் வலிக்கிறது என்று படியேறும்போது பாதியில் உட்கார்ந்துவிடுவாள். முழங்காலுக்குக் கீழே அங்கங்கே நீலமாகக் கன்றியிருந்தது. எங்கேயாவது விழுந்திருப்பாள் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். ஆறு வயசுக் குழந்தை விழாமல் யார் விழுவார்கள். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள், எலும்பு மஜ்ஜை எடுத்துப் பார்த்தார்கள். அக்யூட் லிம்போபிளாஸ்டிக் லுகேமியா, ஒரு வகை ரத்தப் புற்றுநோய். குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் இதுதான் அதிகமாம்.

"இருக்கிறதுலயே நல்ல வகை" என்று மருத்துவர் சொன்னாராம். ஒரு தாயிடம் அதை எப்படிச் சொல்ல மனசு வந்ததோ என்று அன்றைக்குக் கோபப்பட்டேன். அப்புறம் படித்துப் பார்த்ததில் அவர் சொன்னதில் அர்த்தம் இருந்தது. 1948இல் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் இந்த மாதிரிக் கடுமையான லுகேமியா வந்த 16 குழந்தைகளுக்கு ஒரு புது மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். பத்துப் பேருக்கு நோய் அடங்கியது, அதுவும் கொஞ்ச காலத்துக்குத்தான். அதற்கே உலகம் வாயைப் பிளந்தது. இன்றைக்கு நல்ல வசதியுள்ள இடங்களில் பத்தில் ஒன்பது குழந்தைகள் பிழைத்துக்கொள்கிறார்கள். அந்தப் பிழைப்புக்கு ஒரு விலை இருக்கிறது: காலம். முதல் மாதம் நோயை அடக்க, அடுத்த பல மாதம் மிச்சம் மீதியைத் துரத்த, அதற்கப்புறம் தினமும் மாத்திரை. மொத்தத்தில் இரண்டிலிருந்து மூன்று வருஷம்.

நாங்கள் ஒரு வாரத்துக்குத் தயாராகத்தான் ஓடி வந்தோம்.

ரத்தம் வேண்டும் என்று அவள் புருஷன் ஒரு வரி அனுப்பினார். அன்று சாயங்காலமே எங்கள் ஆட்கள் 20 பேர் ரத்த வங்கி வாசலில் நின்றார்கள். அங்கிருந்த பெண் எங்களைப் பார்த்துச் சந்தோஷப்படவில்லை. "எல்லாரும் இன்னைக்கே குடுத்துட்டா அடுத்த மாசம் யாருங்க குடுப்பா?" என்றார். அவர் விளக்கியபோதுதான் தெரிந்தது. சிவப்பணுக்களைக் குளிரில் வைத்தால் ஆறு வாரம்வரை தாங்கும். ஆனால் இந்தக் குழந்தைக்கு அடிக்கடி தேவைப்படப் போவது பிளேட்லெட், ரத்தம் உறைய உதவும் தட்டணு. அதைக் குளிரில் வைக்காமல், சாதாரண அறை வெப்பத்தில், தட்டை ஆட்டிக்கொண்டே இருக்கும் ஒரு பெட்டியில் வைப்பார்கள். ஆயுள் ஐந்து நாள், சில இடங்களில் ஏழு. சேமித்து வைத்துக்கொள்ளலாம் என்ற பேச்சே இல்லை. முழு ரத்தம் கொடுத்தவர் மறுபடி கொடுக்க, நாட்டுக்கு நாடு விதி மாறினாலும், எட்டு வாரத்திலிருந்து நான்கு மாதம்வரை காத்திருக்க வேண்டும். பிளேட்லெட் மட்டும் கொடுப்பவர் கதை வேறு. ரத்தத்தை எடுத்து, இயந்திரம் பிளேட்லெட்டைப் பிரித்துக்கொண்டு, மிச்சத்தை உடம்புக்கே திருப்பிவிடும். சுமார் ஒன்றரை, இரண்டு மணி நேரம் படுத்திருக்க வேண்டும், ஆனால் சீக்கிரமே மறுபடி வரலாம். பல இடங்களில் வருஷத்துக்கு 24 முறைவரை அனுமதி.

குழந்தையின் மாமா வந்திருந்தார். "சொந்த ரத்தம் நான் இருக்கேன், மத்தவங்க எதுக்கு?" என்று சட்டைக் கையை மடித்துவிட்டு நின்றார். அந்தப் பெண் பொறுமையாக மறுத்தார். நெருங்கிய சொந்தக்காரர்களின் வெள்ளையணுக்களை நோயாளியின் உடம்பு சில சமயம் வெளியாள் என்று அடையாளம் காணாமல் விட்டுவிடுமாம். அவை உள்ளே தங்கிப் பெருகி நோயாளியையே தாக்கும். அபூர்வம்தான், வந்தால் பிழைப்பது கஷ்டம். அதனால் உறவினர் ரத்தத்தைக் கதிர்வீச்சு கொடுத்த பிறகே ஏற்றுவார்கள். மாமாவுக்கு இது அவமானமாகப் போய்விட்டது. மடித்த கையை இறக்கிவிடாமலே ஓரமாகப் போய் உட்கார்ந்தார். கடைசியில் 20 பேரில் நான்கு பேரைத்தான் அன்றைக்கு எடுத்தார்கள். மற்றவர்களுக்கு ஏமாற்றம். ஊசி குத்தாமல் வீடு திரும்பியவர்கள் முகத்தில் அப்படியொரு வாட்டத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

என் பங்குத் தப்புகளையும் சொல்லிவிடுகிறேன். முதல் தப்பு, அழுதது. மருத்துவமனை வராந்தாவில் அவளைப் பார்த்ததும் எனக்கு அடக்க முடியவில்லை. அவள் என் தோளைத் தட்டி, "அழாதீங்கக்கா, சரியாயிடும்க்கா" என்றாள். நேற்றிரவு தூங்காதவள் எனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் வந்துபோனது அவளுக்கு இன்னொரு வேலை, அவ்வளவுதான். சூசன் சில்க் என்ற உளவியலாளருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தபோது, இப்போது யாரையும் பார்க்கிற நிலையில் இல்லை என்று அவர் சொல்லியும் கூட வேலை பார்த்த ஒருவர், இது உங்கள் ஒருவர் சம்பந்தப்பட்டது மட்டுமில்லை என்கிற மாதிரி பதில் சொன்னாராம். அதிலிருந்து அவரும் பாரி கோல்ட்மேன் என்ற நண்பரும் 2013இல் லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸில் ஒரு யோசனை எழுதினார்கள். நோயாளியை நடுவில் வைத்து வட்டத்துக்கு வெளியே வட்டமாகப் போட்டுக்கொள்ளுங்கள்: பெற்றோர், நெருங்கியவர், நண்பர், தெரிந்தவர். உங்களைவிட உள்வட்டத்தில் இருப்பவரிடம் ஆறுதல் மட்டும் போகலாம். அழுகை, புலம்பல், பயம் எல்லாம் வெளிவட்டத்துப் பக்கம். நான் தலைகீழாகச் செய்திருந்தேன்.

இரண்டாவது தப்பு பெரிசு. வாட்ஸ்அப் குழு ஒன்று ஆரம்பித்தேன். நல்ல எண்ணம்தான். தினமும் பத்துப் பேர் அவளைக் கூப்பிட்டு விசாரிப்பதைத் தடுக்கலாமே என்று. ஆனால் ஒரு நாள் அவள் எனக்கு மட்டும் அனுப்பிய ரத்த அறிக்கையை அப்படியே அதில் போட்டுவிட்டேன். "கவுண்ட் 300தான்" என்று ஒருவர், "ஐயோ" என்று ஒருவர், கைகூப்பிய பொம்மைகள் நாற்பது. அன்றிரவு அவள் அழைத்தாள். குரலை உயர்த்தவில்லை. "அக்கா, அது என் பொண்ணோட ரத்தம்க்கா." அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. குழுவைக் கலைத்தேன். அந்த வாக்கியத்தை இன்றைக்கு நினைத்தாலும் காது சூடாகிறது.

இந்தக் களேபரத்துக்கு நடுவே முதல் மாடியிலிருந்து கணக்கு சார் வந்தார். ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர். அதிகம் சிரிக்க மாட்டார். அவர் மனைவி பக்கவாதத்தில் நான்கு வருஷம் படுக்கையில் இருந்து போனவர். கையில் கோடு போட்ட நீள நோட்டு. என் வீட்டு முன்னறையில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து அடுத்து என்ன செய்யலாம் என்று உருகிக்கொண்டிருந்தோம்.

"முதல் மாசம் என் வீட்டு வாசல்ல செருப்பு விட இடம் இருக்காது," என்றார். "ஆறாவது மாசம் பேப்பர் போடுற பையன் மட்டும்தான் வந்தான். யாரையும் குத்தம் சொல்லல. எல்லாருக்கும் பொழப்பு இருக்கு. அதனால இது எத்தனை மாசம்னு முதல்ல சொல்லுங்க."

முப்பது மாதம் இருக்கலாம் என்றோம். நோட்டைத் திறந்து 30 பக்கத்துக்குத் தேதி போட ஆரம்பித்தார். நாங்கள் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். பேனா ஓடுகிற சத்தம் மட்டும். 30 பக்கம் என்பது எவ்வளவு என்று அப்போதுதான் கண்ணுக்குத் தெரிந்தது.

அவர் அந்தக் குடும்பத்திடம் என்ன வேணும் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. குழந்தையின் அப்பாவை ஒரு அரைமணி நேரம் பிடித்து வைத்துக்கொண்டு வேறு மாதிரிக் கேட்டார். பையன் எத்தனை மணிக்குப் பள்ளி விட்டு வருவான், அப்போது வீட்டில் யார்? கரண்ட் பில் என்றைக்கு? கேஸ் எப்போது தீரும்? மருத்துவமனையில் ராத்திரி யார் தங்குவது, அவர் மாற்றுத்துணி யார் எடுத்துப்போவது? காப்பீட்டுக் காகிதங்கள் எந்தப் பையில்? பதில் வர வர நோட்டில் ஏறியது. ஒவ்வொரு வேலைக்கு எதிரேயும் ஒரே ஒரு பெயர். "ரெண்டு பேர் போட்டா வேலை நடக்காது" என்று நான் சேர்த்த இரண்டாவது பெயரை அடித்தார்.

அது எவ்வளவு சரி என்பதற்கு ஆராய்ச்சியே இருக்கிறது. 1968இல் ஜான் டார்லி, பிப் லட்டானே என்று இரண்டு பேர் ஒரு சோதனை செய்தார்கள். தனித்தனி அறையில் உட்கார்ந்து இன்டர்காமில் பேசுகிறவர்களில் ஒருவருக்கு வலிப்பு வருவது போல் சத்தம் கேட்கும். இது தனக்கு மட்டும்தான் கேட்கிறது என்று நம்பியவர்களில் 85 சதவீதம் பேர் சத்தம் ஓய்வதற்குள் உதவிக்கு எழுந்தார்கள். இன்னும் நான்கு பேருக்கும் கேட்கிறது என்று நம்பியவர்களில் 31 சதவீதம்தான். கெட்டவர்கள் என்பதால் அல்ல. யாராவது போயிருப்பார்கள். யாராவது பார்த்துக்கொள்வார்கள். 32 வீடு இருக்கிற இடத்தில் அந்த 'யாராவது' ரொம்ப வசதியான ஆள்.

நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரே ஒரு எண் இருந்தது: 100.4. கீமோ மருந்தால், கிருமியோடு போராடும் வெள்ளையணுக்கள் விழுந்து கிடக்கும் நாட்களில் காய்ச்சல் 100.4 ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் அது அவசரம். நடுராத்திரியோ மழையோ, காத்திருக்கக் கூடாது. மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் கிருமிக்கொல்லி மருந்து நரம்பில் ஏறியாக வேண்டும். சாதாரணக் குழந்தைக்கு ஒரு மாத்திரை கொடுத்துத் தூங்க வைக்கிற காய்ச்சல், இவளுக்குச் சில மணி நேரத்தில் உயிர்ப் பிரச்சினை. அவர்களிடம் இருந்தது ஒரு ஸ்கூட்டர். கார் வைத்திருந்தவர்கள் ஐந்து பேர். ஒவ்வொரு வாரமும் ஒருவர் முறை. முறை வந்தவர் காரை வெளியே எடுக்கத் தோதாக முன்னால் நிறுத்திவிட்டு, சாவியை மாடிப்படிக்குக் கீழே ஒரு ஆணியில் மாட்டிவிட வேண்டும். மொபைலைச் சத்தமாக வைத்துத் தூங்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஒருவேளை அவர் எழுந்திருக்கவில்லை என்றால், ஓட்டத் தெரிந்த வேறு யாரும் சாவியை எடுத்துக்கொள்ளலாம்.

முதல் தடவை அந்தச் சாவி இறங்கியது ஒரு வியாழக்கிழமை ராத்திரி இரண்டு பத்துக்கு. கதவு தட்டுகிற சத்தம் கேட்டு நான் எழுந்தேன். அவள் குழந்தையைப் போர்வையில் சுற்றித் தோளில் போட்டிருந்தாள். புருஷன் கையில், எப்போதும் கட்டித் தயாராக வாசலிலேயே வைத்திருந்த பை. அந்த வாரத்து முறை மூன்றாம் மாடித் தம்பி. பனியனோடு இறங்கி வந்து ஒரு வார்த்தை பேசாமல் வண்டியை எடுத்தார். கேட் திறந்து மூட நான்கு நிமிஷம் ஆகவில்லை. அவர்கள் போன பிறகு திரும்பிப் பார்த்தால் பெரியவன் படியில் நின்றுகொண்டிருந்தான். செருப்பை மாற்றிப் போட்டிருந்தான், இடதை வலதில். "நீ வாடா கண்ணா" என்று உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். தூங்கவில்லை. ஐந்து மணிக்கு, "அத்தை, நாளைக்கு எனக்குப் பரீட்சை. இது லீவு லெட்டர்ல எழுதற காரணமா?" என்று கேட்டான்.

அவனை நாங்கள் எல்லாரும் மறந்திருந்தோம். உண்மை அதுதான். படியில் பார்க்கிறவர்கள் எல்லாரும் அவனிடம் கேட்பது ஒரே கேள்வி: "தங்கச்சி எப்படிப்பா இருக்கா?" ஒரு நாளைக்கு எட்டுத் தடவை. அவனுக்கு வயிற்றுவலி வர ஆரம்பித்தது. பரிசோதித்தால் ஒன்றும் இல்லை. கல்லூரியில் படிக்கிற மேல்வீட்டுப் பையன் ஒருவன் நோட்டில் தானாகப் பெயர் எழுதிக்கொண்டான்: 'செவ்வாய், சனி, ஃபுட்பால்'. எங்களில் பாதிப் பேருக்கு அது உதவிக் கணக்கிலேயே வரவில்லை. அந்தப் பையன் இரண்டரை வருஷத்தில் தங்கச்சியைப் பற்றி அவனிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லையாம். பெரியவன் பின்னால் என்னிடம் சொன்னது இது. "அண்ணன் மட்டும்தான் என்னைத் திட்டுவாங்க அத்தை, பாலைச் சரியா பாஸ் பண்ணலன்னா." அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் அப்படியொரு பெருமை.

பணத்தைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. திரட்டினோம், நேராக அவர்கள் கணக்கில் போட்டோம். வெளியில் தெரிகிற செலவு மருத்துவமனை ரசீது. தெரியாத செலவு அவள் விட்ட வேலை, அவர் இழந்த சம்பள நாட்கள், தினப்படிப் போக்குவரத்து, பெரியவனின் பள்ளிக் கட்டணம். எட்டாவது மாதம் கொஞ்சம் தெம்பு வந்ததும் அவர்கள் குழந்தைகளோடு இரண்டு நாள் கடல் பார்க்கப் போனார்கள். "நாம குடுத்த காசுல" என்று ஒருவர் மாடிப்படியில் ஆரம்பித்தார். கணக்கு சார் நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "குடுத்ததுக்கு அப்புறம் அது எப்படி சார் நம்ம காசு?" என்றார். பேச்சு அங்கேயே நின்றது.

சரி, சின்னம்மை விஷயத்துக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் இந்த இரண்டரை வருஷத்தில் ஒருவர் செய்த ஆகப் பெரிய உதவி அதுதான்.

இரண்டாம் மாடிக்காரி நோட்டில் இல்லை. பழைய சண்டை. சார் போய்க் கேட்டபோது, "எனக்கும் அவங்களுக்கும் பேச்சுவார்த்தை இல்ல" என்று சொல்லிவிட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு அவளே எதிர் வீட்டுக் கதவுக்கு நாலடி தள்ளி நின்றுகொண்டு குழந்தையின் அம்மாவுக்கு போன் செய்தாள். நான் கதவைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். "நான் கிட்ட வரல. என் பையனுக்கு ராத்திரி உடம்பெல்லாம் கொப்புளம். சின்னம்மை மாதிரி இருக்கு. வெள்ளிக்கிழமை உங்க பொண்ணு படியில உட்கார்ந்திருந்தப்ப இவனும் அங்கதான் இருந்தான், ஒரு அரைமணி நேரம். டாக்டர்கிட்ட உடனே சொல்லுங்க."

சின்னம்மை, கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே தொற்றும். எதிர்ப்புச் சக்தி அடங்கிக் கிடக்கிற குழந்தைக்கு அது நுரையீரல்வரை போகும், உயிரை எடுக்கும். தொற்றின ஆளோடு இருந்தது தெரிந்தால், முடிந்தால் 96 மணி நேரத்துக்குள் நோயெதிர்ப்புப் புரத ஊசி போட்டுத் தடுக்கப் பார்க்கலாம். தெரிந்தால்! அதுதான் விஷயம். தன் பிள்ளையால் வந்தது என்ற பேச்சு வருமே என்று அவள் இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. பள்ளியில் வந்திருக்கும் என்று விட்டிருப்போம். அன்று மத்தியானமே ஊசி போட்டார்கள். குழந்தைக்கு ஒன்றும் வரவில்லை. அதற்கப்புறம் சார், நோட்டில் பணம், வேலை எல்லாவற்றுக்கும் மேலே ஒரு புது வரி சேர்த்தார்: 'வீட்டில் யாருக்குக் காய்ச்சல், சளி, கொப்புளம் என்றாலும் முதலில் சொல்லவும்.' குடியிருப்பில் தடுப்பூசி விட்டுப்போன பிள்ளைகளும் பெரியவர்களும் அந்த மாதமே போய்ப் போட்டுக்கொண்டார்கள். அந்த இரண்டு பெண்களும் பேச ஆரம்பித்தார்களா என்றால், இல்லை. ஒரு நன்றி போனது, ஒரு தலையசைப்பு வந்தது.

சார் சொன்னபடியே கூட்டம் கரைந்தது. ஆறாம் மாதம் நோட்டில் பாதிப் பெயர்கள் வெறுமனே இருந்தன. பத்தாம் மாதம் ஒன்பது பேர். நானும் ஒரு மாதம் காணாமல் போனேன். என் வீட்டில் வேறு கவலை. யாரும் என்னைக் கேட்கவில்லை, சாரும் கேட்கவில்லை. என் பெயருக்கு எதிரே இருந்த வேலையை இரண்டாக உடைத்து இருவருக்குக் கொடுத்திருந்தார். பெரிதாகச் செய்தவர்கள்தான் சீக்கிரம் களைத்துப் போனார்கள் என்பதைக் கவனித்தேன். முதல் மாதம் வேலைக்கு லீவு போட்டு மருத்துவமனையில் கிடந்த ஒருவர் மூன்றாம் மாதத்துக்கு மேல் அவர்கள் கண்ணில் படுவதையே தவிர்த்தார். கீழ்வீட்டுப் பாட்டி எடுத்துக்கொண்டது ஒரே வேலை: மழை வந்தால் மாடியில் காயும் அவர்கள் துணியை எடுத்து மடித்து வைப்பது. மழை இல்லாத நாளில் ஒன்றும் கிடையாது. கடைசிவரை ஒரு மழைகூட அவரைத் தப்பவில்லை.

வாங்கிக்கொள்வது எவ்வளவு கஷ்டம் என்பது கொடுக்கிற கூட்டத்துக்குத் தெரிவதில்லை. ஒரு ராத்திரி அவள் என் சமையலறையில் நின்றுகொண்டு சொன்னாள். "எல்லாரும் நல்லா இருக்காங்கக்கா. அதான் தாங்கல. படியில எதிர்ல வர்றவங்களுக்கு எல்லாம் நான் கடன்பட்ட மாதிரி இருக்கு. யார்கிட்டயும் மூஞ்சியக் காட்டிக் கோவப்பட முடியல." நான் வழக்கம் போல, அப்படியெல்லாம் நினைக்காதே என்றேன். அந்த பதிலால் யாருக்கு என்ன பிரயோஜனம். சாரிடம் இதைச் சொன்னபோது அவர் ஒன்றும் பேசவில்லை. இரண்டு நாள் கழித்துக் குடியிருப்புச் சங்கத்தின் வரவுசெலவுப் புத்தகங்கள், மூன்று வருஷத்தது, அவள் வீட்டு மேசையில் இருந்தன. வேலைக்குப் போன காலத்தில் அவள் கணக்குப் பிரிவில் இருந்தவள். "எனக்குக் கண்ணு சரியில்லம்மா. கூட்டல் தப்பா வருது, நீ கொஞ்சம் பாரு" என்று சொல்லியிருக்கிறார். அவர் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. கீமோ ஏறுகிற மணிக்கணக்கான நேரத்தில் அவள் மருத்துவமனை நாற்காலியில் உட்கார்ந்து அந்தப் புத்தகங்களைச் சரிபார்த்தாள். யார் எவ்வளவு பராமரிப்புக் கட்டணம் பாக்கி என்று தேதிவாரியாகப் பட்டியல் போட்டாள். அதில் என் பெயரும் இருந்தது. இரண்டு மாதம். கட்டினேன்.

கடைசி மாத்திரை நாள் வந்தது. பெரிய கொண்டாட்டம் ஒன்றும் வேண்டாம் என்று அவள் சொல்லியிருந்தாள். மருந்தை நிறுத்தின பிறகும் வருஷக்கணக்கில் பரிசோதனைக்குப் போக வேண்டும். திரும்ப வருமோ என்ற பயத்துக்குக் கடைசித் தேதி கிடையாது. சின்னவளுக்கு முடி சுருள்சுருளாக வந்திருந்தது, முன்னால் நேராக இருந்த முடி. ஆணியில் சாவி மாட்டுவது அந்த வாரத்தோடு நின்றது. ஆணி இன்னும் இருக்கிறது. அதில் இப்போது யாரோ குடை மாட்டுகிறார்கள்.

அதற்கடுத்த சங்கக் கூட்டத்தில்தான் அது நடந்தது. அவள் பாக்கிப் பட்டியலைப் படித்துக்கொண்டு வந்தாள். இரண்டாம் மாடிக்காரி எழுந்தாள். "என் பேரை மட்டும் சத்தமாப் படிக்கிறீங்க? உங்க ஸ்கூட்டர் ரெண்டரை வருஷமா என் இடத்துலதான் நிக்குது. சரி, பாவம்னு விட்டேன். இனிமே முடியாது. நாளைக்குக் காலையில எடுத்துடணும்."

அறை அமைதியாகிவிட்டது. ஒருவர் அவசரமாக எழுந்து, "பாவம், அவங்க இருக்கிற நிலைமையில..." என்று ஆரம்பித்தார். கணக்கு சார் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

அவள் பட்டியலை மடித்து மேசையில் வைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். "உங்க இடம்னு எந்தக் காகிதத்துல இருக்கு? காட்டுங்க பார்ப்போம்!"

இருபது நிமிஷம். கீழ்வீட்டுப் பாட்டிக்குக் காது கேட்காது, அவருக்கே கேட்டது. கூட்டம் முடிவில்லாமல் கலைந்தது. படியேறி வரும்போது அவள் என் முன்னால் போய்க்கொண்டிருந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டு, கன்னமெல்லாம் சிவந்து. வாசலில் சாவியைத் திருப்பிக்கொண்டே என்னைப் பார்த்து, "அவ என்னைப் பார்த்து என்ன பேச்சு பேசறா பார்த்தீங்களாக்கா?" என்றாள். சிரிப்பை அடக்க அவளால் முடியவில்லை.